ஆயுத பூஜைக்கு அணைத்த சர்வர்

போன வாரம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவள். புதுக் கணினியில் பில்டு கருவியை நிறுவினால் நிறுவி முடிந்தது என்றுதான் சொல்கிறது, ஆனால் வெர்ஷன் கேட்டால் பழைய கருவியின் எண்ணையே காட்டுகிறது, என்ன செய்யலாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பதில் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இதை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தீங்கன்னா புதுசா வர்றவங்களுக்கு உதவியா இருக்கும் மேடம்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். 

ஒரு பக்கம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தக் கருவியை நிறுவும் முறையை மட்டும் தனியாக என்னால் எழுத முடியவில்லை.

என் வேலையை வீட்டில் யாருக்கும் விளங்க வைத்ததில்லை. நிரல் எழுதுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். ஆளுக்குச் சில கோப்புகளாக எழுதுவார்கள். அத்தனையையும் சேர்த்து, இயந்திரத்தில் ஏற்றக்கூடிய ஒரே மென்பொருளாக ஆக்குவதுதான் பில்டு. "மத்தவங்க காய் நறுக்கித் தர்றாங்க, நீ குக்கர்ல வெச்சு விசில் எண்ணுறே" என்பார் என் கணவர். ஆவடியில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். அவர் சொன்னது பெரிய தப்பில்லை. விசிலை எண்ணத் தவறினால் என்ன ஆகும் என்பதுதான் அவருக்கும் அப்போது தெரியாது, எனக்கும் தெரியாது.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து எம்.சி.ஏ. படித்துவிட்டு வந்தேன். முதல் சில வருடங்கள் கிண்டியில் சம்பளப் பட்டியல் மென்பொருள், பிறகு கல்யாணம், மேனாம்பேட்டில் ஒரு ஃபிளாட், குழந்தை சங்கவி. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை வேண்டும் என்று தேடியபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் கிடைத்த வேலை இது. கட்டடம் முன்பு லேத் பட்டறையாக இருந்தது. மழை பெய்தால் அப்போதும் தரையிலிருந்து எண்ணெய் வாசனை எழும். நாங்கள் செய்தது இன்ஃப்யூஷன் பம்ப். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும்போது, மணிக்கு இத்தனை மில்லி என்று எண்ணைக் கொடுத்துவிட்டால் அந்த அளவிலேயே திரவத்தைச் செலுத்தும் சின்னப் பெட்டி. கட்டிலோரக் கம்பியில் மாட்டியிருக்கும்.

எனக்கு மேலே இருந்தவர் ஜெபராஜ் சார். நாகர்கோவில்காரர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடப்பார். பில்டு உடைந்து சிவப்பு எழுத்து ஓடினால் சத்தமில்லாமல் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். உட்கார மாட்டார். கீபோர்டைத் தொட மாட்டார், நம்மையும் தொட விட மாட்டார்.

"கை ரெண்டையும் மடியில வை. மேல போ. முதல் வரியைப் படி. வாய்விட்டுப் படி."

பிழை வந்தால் நூற்றுக்கணக்கான வரிகள் கொட்டும். எல்லாருடைய கண்ணும் கடைசி வரிக்குத்தான் போகும். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "கடைசி வரி வெறும் அழுகை, செல்வி. பிள்ளை எங்க அடிபட்டுச்சுன்னு அழுகையைக் கேட்டா தெரியுமா? எங்க விழுந்துச்சோ அங்க போய்ப் பாரு." நிர்வாக இயக்குநர் பக்கத்தில் நின்றாலும் சரி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தாக வேண்டும். கேன்டீனில் அவரைப் போல நடித்துக் காட்டாதவர்கள் இல்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்றால்கூட, "முதல் கரண்டியைப் படி" என்போம். ஆனால் அவர் வழியில் போய்ப் பிழை கிடைக்காமல் திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கருவியின் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் பயன்படுத்தியது உலகத்தில் யாரோ எழுதி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த ஒரு பில்டு கருவி. எந்தக் கோப்பு மாறியிருக்கிறதோ அதை மட்டும் மறுபடி உருவாக்கும், மாறாததை விட்டுவிடும். மாறியிருக்கிறதா என்பதை அது நேரத்தை வைத்து முடிவு செய்யும். எழுதிய கோப்பின் நேரம், அதிலிருந்து உருவான பாகத்தின் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால், மாறியிருக்கிறது என்று பொருள். முந்தியதாக இருந்தால் பழையதே போதும். கடிகாரம் சரியாக இருக்கும்வரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்களில் சிலரின் மடிக்கணினிகளில் நேரம் முன்னே பின்னே இருக்கும். திருத்திய கோப்பைக் கருவி கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இப்படி ஓரிரண்டு முறை நடந்து, நல்லவேளையாகச் சோதனையிலேயே பிடிபட்டது.

அந்தக் கருவியை எழுதியவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். வேறு சிலர் அதன் நிரலை அப்படியே நகலெடுத்துத் தனியாக வளர்த்தார்கள். இதை ஃபோர்க் என்பார்கள். என் கணக்கில் தனிக்குடித்தனம். சமையல் அதேதான், அடுப்பு மட்டும் வேறு. இந்தப் புதுக்குடித்தனக்காரர்கள் நேரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கோப்பின் உள்ளே இருப்பது மாறியிருக்கிறதா என்று பார்க்கும்படி செய்தார்கள். எங்களுக்கு வேண்டியது அதுதான். ஒரே தொந்தரவு, வீட்டுப் பெயரை மாற்றவில்லை. பழைய கருவியை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோமோ அதே பெயர்தான் இதற்கும்.

எங்கள் பில்டு சர்வர் இணையத்தோடு தொடர்பில்லாதது. மருத்துவக் கருவி என்பதால் அப்படி ஒரு விதி. அதன் இயங்குதளமும் பழையது, மாற்ற அனுமதி இல்லை. ஆகவே ஃபோர்க்கின் மூல நிரலை வட்டில் கொண்டுவந்து அங்கேயே உருவாக்க வேண்டியிருந்தது. ஒரு லைப்ரரி, அதாவது துணை நிரல் தொகுப்பு, இல்லை என்று நின்றது. அதைக் கொண்டுவந்தால், அதற்கு வேண்டிய இன்னொன்று இல்லை என்றது. அதையும் கொண்டுவந்தால் அது இந்த இயங்குதளத்துக்குப் புதிதாக இருந்தது, பழைய பதிப்பாகத் தேட வேண்டியிருந்தது. ஜெபராஜ் சார் பின்னால் நிற்க, நான் முதல் வரி முதல் வரியாகப் படித்துக்கொண்டே போனேன். ஒரு வழியாக நிறுவி முடிந்து வெர்ஷன் கேட்டால், பழைய எண். அந்தப் பெண் போன வாரம் கேட்ட அதே கேள்வி.

காரணம் எளிது. பெயரைச் சொல்லி அழைத்தால், கணினி சில அடைவுகளில், அதாவது கோப்புகளை வைக்கும் இடங்களில், வரிசையாகப் போய்த் தேடும். அந்தப் பெயரில் முதலில் யார் கண்ணில் படுகிறாரோ அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். பழையவர் முதல் வீட்டிலேயே இருந்தார். புதியவரைத் தேடி அது போகவே இல்லை. தேடும் வரிசையை மாற்றினால் போதும்.

அதை மறுநாள் செய்வதாக இருந்தது. மறுநாள் நான் விடுப்பு, வேலப்பன்சாவடியில் சங்கவியின் கல்லூரிச் சேர்க்கை. திரும்பி வந்தபோது பில்டுகள் ஃபோர்க்கில் அழகாகப் போய்க்கொண்டிருந்தன.

"வரிசையை மாத்தியாச்சா சார்?"

"ஓடுது செல்வி" என்றார்.

எப்படி ஓடுகிறது என்று அன்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரிடம் அப்படிக் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

அந்த சர்வர் யுபிஎஸ்ஸின் தயவில் மாதக்கணக்கில் அணையாமல் ஓடும். அந்த வருட ஆயுத பூஜைக்கு முன்தினம் வரை அப்படித்தான் ஓடியது.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் சின்ன விஷயமில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் தேவராஜ் அண்ணன் பட்டறைக் காலத்திலிருந்தே அந்தக் கட்டடத்தில் இருந்தவர். பூசணிக்காய் வாங்குவது முதல் பொரிகடலை பங்கு வைப்பது வரை அவர் பொறுப்பு. எல்லாக் கணினிகளையும் துடைத்து, அணைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பூட்டிய அறையில் இருந்ததால் பில்டு சர்வர் மட்டும் ஒவ்வொரு வருடமும் தப்பிவிடும். அந்த வருடம் அவருக்கு அது மனதில் பட்டுவிட்டது.

"வருசம் முச்சூடும் ஓடிகினே கீது மேடம், பாவம். ஒரு நாளு ரெஸ்ட் குட்த்தா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

சாரிடம் கேளுங்கள் என்றேன். சார் உடனே சரி என்றுவிட்டார். பூஜை சம்பந்தமாக எது கேட்டாலும் அவர் மறுத்ததில்லை. தான் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. முறைப்படி அணைத்தார்கள். யுபிஎஸ்ஸையும் அணைத்தார்கள். தேவராஜ் அண்ணன் அதன் நெற்றியில், அவர் நெற்றி என்று நினைத்த இடத்தில், மூன்று விரலால் சந்தனம் பூசினார். விடுமுறை முடிந்து வந்து போட்டதும் சர்வர் எழுந்துகொண்டது. பச்சை விளக்கு எரிந்தது. ஓடியது.

அதற்கடுத்த வாரம் ஒரு முக்கியமான வெளியீடு. வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்திருந்தது. பம்ப் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறி, மறுபடி கரண்ட் வந்ததும், டாக்டர் கடைசியாக வைத்த அளவை மறந்துவிட்டு முதன்முதலில் வைத்த அளவுக்குத் திரும்பிவிடுகிறது. ஒரே ஒரு கோப்பில் திருத்தம். எழுதியவர் தன் கணினியிலேயே உருவாக்கிய பிரதியில் சோதனைக் குழு நன்றாகச் சோதித்து ஒப்புதல் கொடுத்திருந்தது. அதே நிரலிலிருந்து வெளியீட்டுப் பிரதியை பில்டு சர்வரில் உருவாக்கினோம். வெற்றி என்று பச்சையில் வந்தது. அதில் மேலோட்டமாக ஒரு சோதனை. புது வெர்ஷன் எண். நான் கையெழுத்துப் போட்டேன். குமணன்சாவடிக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் ஓர் ஆஸ்பத்திரியில் எங்கள் பம்புகள் ஆறு இருந்தன. பக்கத்திலேயே இருப்பதால் எந்தப் புதுப் பதிப்பும் முதலில் அங்கேதான் போகும். எங்கள் ஆள் போய் ஆறிலும் ஏற்றிவிட்டு வந்தார்.

மழை பிடித்துக்கொண்ட நாட்கள். சங்கவி முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் காய்ச்சல் விட்டதுபோல இருந்ததால் கல்லூரிக்குப் போனவள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். கல்லூரிக்காரர்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது ஆறுதல். தெரிந்த இடம், நம் பம்ப் இருக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டே ஆட்டோ ஏறினேன்.

டெங்கு. தட்டணுக்கள் குறைந்துகொண்டிருந்தன. பணியில் இருந்த இளம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்தக் காய்ச்சலில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், அதனால் திரவம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதிகமாகப் போனால் நெஞ்சில் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதனால்தான் பம்ப் வைத்திருக்கிறோம் என்றார். கட்டிலோரத்தில் நீலப் பட்டை போட்ட எங்கள் பெட்டி. மணிக்கு நூறு மில்லி என்று வைத்திருந்தார்கள். மறுநாள் காலை பார்த்துவிட்டு அறுபதாகக் குறைத்தார்.

நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பழக்கம். எங்கள் பெட்டியை ஒரு நோயாளியின் கையோடு சேர்த்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை. வார்டு ஆயா தரையைத் துடைத்துக்கொண்டே என்னை இரண்டு மூன்று முறை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, வந்ததுலேர்ந்து மெஷினையே பாத்துகினு கீற? அது எங்கியும் ஓடிப்போவாது. பொண்ணு மூஞ்சப் பாரு."

சங்கவி கண்ணை மூடியபடியே லேசாகச் சிரித்தாள்.

மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடிகள் ஆயின. பெட்டி ஒருமுறை கீச்சிட்டு பேட்டரிக்கு மாறியது, அறுபது. விளக்குகள் எரிந்தன. பெட்டி மறுபடி கீச்சிட்டது. நூறு.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நூறுதான்.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். யாராவது கைதவறி அழுத்தியிருப்பார்கள் என்று சொல்லி அறுபதாக மாற்றிவிட்டுப் போனார். யாரும் அழுத்தவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தப் பிழையைத் திருத்தியதாக நான் கையெழுத்திட்டு அனுப்பினேனோ, அதே பிழை. வெர்ஷனைக் காட்டும் பொத்தான்கள் எவை என்று எனக்குத் தெரியும். அழுத்திப் பார்த்தேன். புது எண்தான். திருத்தம் உள்ளே இருக்க வேண்டிய எண்.

அப்போது ஒன்று தோன்றியது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பு கீழே கேன்டீனில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் விளக்கு ஒருமுறை போய் வந்தது. நான் மேலே வந்தபோது பெட்டியில் என்ன எண் இருந்தது? இடையில் சிஸ்டர் யாராவது பார்த்து மாற்றினார்களா? நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

டாக்டரைத் தேடிப் போனேன். இந்த பம்ப் வேண்டாம், கையால் சொட்டு எண்ணி வைக்கும் சாதாரண டிரிப்ஸாக மாற்றுங்கள் என்றேன். அவர் காரணம் கேட்டார். இதைச் செய்கிற கம்பெனியில்தான் வேலை செய்கிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. நோயாளிகள் இடத்தில் கம்பெனிப் பெயரை எடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"நீங்க செஞ்ச மெஷினை நீங்களே நம்பலையா?"

"இன்னிக்கு நம்பலை, டாக்டர்."

அவர் சிஸ்டரைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னார். பிறகுதான் எனக்கு மற்ற ஐந்தின் நினைவு வந்தது. அதில் ஒன்று குழந்தைகள் வார்டில் இருந்தது. முதலில் என் பிள்ளையின் பெட்டியை மட்டும்தான் யோசித்திருக்கிறேன்.

வராந்தாவிலிருந்து ஜெபராஜ் சாருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குரல் மாறவில்லை. "அங்க இருக்கிற ஆறையும் நிறுத்தச் சொல்லு. நிறுத்திட்டாங்கன்னு உன் கண்ணால பாத்துட்டு அப்புறம் கூப்பிடு." டாக்டர் வார்டு வார்டாகச் சொல்லியனுப்பினார். ஆறும் ஒரு மேசைமேல் வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி அழைத்தேன். அவர் சர்வர் அறையில் இருந்தார். அந்த வருடங்களில் எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அவர் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தார், நான் அவருக்குப் பின்னால் நிற்பதுபோல வராந்தாவில் நின்றேன். ஸ்ட்ரெச்சர் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

"அந்த வெளியீட்டோட பில்டு பதிவை எடுங்க சார்."

"எடுத்துட்டேன். பச்சையாத்தான் இருக்கு. வெற்றின்னு முடிஞ்சிருக்கு."

"கடைசி வரி வேண்டாம் சார். மேல போங்க."

மறுமுனையில் சுட்டி உருளும் சத்தம் கேட்டது. பிறகு அவர் வாய்விட்டுப் படித்தார். இன்ன கோப்புகளின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, எச்சரிக்கை. அதுதான் முதல் வரி. வெற்றி பெற்ற பில்டின் முதல் வரி. உடைந்த பில்டை முதல் வரியிலிருந்து படிக்க அவர் எங்கள் எல்லாருக்கும் பழக்கியிருந்தார். பச்சையாக முடிந்ததை நாங்கள் யாரும் படித்ததே இல்லை.

எதிர்காலம் எப்படி வந்தது? சர்வரின் நேரத்தைப் பார்க்கச் சொன்னேன். பல வருடம் பின்னால் இருந்தது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரி உள்ளே எப்போதோ செத்துப்போயிருந்தது. அணைக்காமலே ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. இணையம் இல்லாததால் அது தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. பூஜைக்கு அணைத்துப் போட்டதும் பழைய வருடத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகு உள்ளே வந்த திருத்தத்தின் நேரம் பழையதாகவும், முன்பே உருவாகியிருந்த பாகத்தின் நேரம் புதியதாகவும் தெரிந்திருக்கிறது. மாறவில்லை என்று நினைத்துக் கருவி அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிட்டது. வெர்ஷன் எண்ணைச் சுமக்கும் கோப்பு ஒவ்வொரு தடவையும் கட்டாயமாகப் புதிதாகும். ஆகவே எண் புதிது, உள்ளே பழைய பிழை.

"ஆனா சார், ஃபோர்க் நேரத்தைப் பாக்காதே. அதுக்காகத்தானே போட்டோம்."

பில்டு சேவை, அதாவது பில்டுகளைத் தானாக ஓட்டும் பின்னணி நிரல், எந்தக் கருவியைக் கூப்பிடுகிறது என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். தட்டினார். எண்ணைப் படித்தார். பழைய கருவியின் எண்.

அதை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார்.

"நான்தான் செல்வி. அன்னைக்கு நீ லீவு. வரிசையை நான் திறந்து வச்சிருந்த டெர்மினல் ஜன்னல்ல மட்டும் மாத்தி, அங்கிருந்தே சேவையை ஓட விட்டேன். நிரந்தரமா போடணும்னா அதை நிறுத்தணும். அடுத்த வெளியீடு முடியட்டும்னு இருந்தேன்."

அதாவது நாங்கள் ஃபோர்க்கை நிறுவவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரு கணினியின் நினைவில் மட்டும் அது இருந்தது. அணைத்தோம், மறந்துவிட்டது. எழுந்து பெயரைக் கூப்பிட்டது, முதல் வீட்டிலிருந்து பழையவர் வந்துவிட்டார்.

இப்போதே சரிசெய்துவிடுகிறேன் என்று அவர் தட்டத் தொடங்கும் சத்தம் கேட்டது. நான் சொன்னேன், "கையை மடியில வைங்க சார். நான் வந்துடுறேன். எதையும் மாத்தாம எல்லாத்தையும் பிரதி எடுத்து வைங்க." அவரிடம் அப்படிப் பேசுவேன் என்று நான் நினைத்ததில்லை. சரிம்மா என்றார்.

அன்று சாயங்காலம் சங்கவிக்கு மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் வைத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சின் ஒரு பக்கம் நீர் கொஞ்சம் சேர்ந்திருந்தது. டெங்குவில் இது தானாகவும் வரும், சீக்கிரம் வற்றிவிடும் என்றார் டாக்டர். மதியம் எவ்வளவு அதிகமாகப் போயிருக்கும் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பம்பைக் கேட்கலாம் என்றால், ஆட்கள் கையால் மாற்றிய அளவுகளைத்தான் அது குறித்து வைக்கும். தானாக மாறியதைக் குறிக்க அதற்குச் சொல்லித்தரவில்லை, அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைக்காததால். அவர் போன பின்பு ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் நான் பார்த்தது கருவியைத்தான், விரலில் மாட்டியிருந்த கவ்வி காட்டும் எண்ணை.

இரண்டு நாளில் நீர் வற்றியது. எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். அவள் அப்பாவை உட்காரவைத்துவிட்டு நான் அலுவலகம் போனேன்.

ஜெபராஜ் சார் அதற்குள் ஆஸ்பத்திரிக்கு நேரில் போய், நடந்தது என்ன, யாரால் என்று தன் பெயரோடு சொல்லிவிட்டு வந்திருந்தார். நிர்வாகத்துக்கு அதில் ஏகக் கோபம். நானும் அவரும் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். உருவான பாகங்கள் அத்தனையையும் அழித்தோம். பழைய கருவியை அடியோடு எடுத்தோம். ஃபோர்க்கை, சேவை எப்போது எழுந்தாலும் அதையே கண்டுபிடிக்கும் இடத்தில் வைத்தோம். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு வாட்ச் கடையில் பொத்தான் பேட்டரி வாங்கி வந்து மாற்றினோம். எல்லாம் முடிந்து சரியான எண் வந்தது. நான் தேவராஜ் அண்ணனைக் கூப்பிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன்.

"மறுபடியும் பூஜையா மேடம்?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் ஆஃப் பண்ணதாலதான் பாப்பாவுக்கு அப்புடி ஆச்சுன்றாங்களே?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணே. நீங்க ஆஃப் பண்ணலைன்னா நாங்க அதை நிறுவவே இல்லைங்கிறது இன்னும் எவ்வளவு நாளு தெரியாமலே இருந்திருக்குமோ."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டார். சர்வர் முழுதாக ஆறும்வரை நாங்கள் மூவரும் பக்கத்திலேயே நின்றோம். மறுபடி போட்டு வெர்ஷன் கேட்டோம். ஜெபராஜ் சார் வாய்விட்டுப் படித்தார்.

அதன் பிறகும் சில வருடங்கள் அங்கே வேலை செய்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் ஆளாக அந்த சர்வரைத்தான் அணைப்போம். அப்புறம் பில்டுகளை எங்கேயோ வாடகைக்கு எடுத்த கணினிகளுக்கு மாற்றுகிறோம் என்றார்கள். அந்தக் கணினியை யார் அணைப்பார்கள், எப்போது அணைப்பார்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். அணைக்கத் தேவையே இல்லை மேடம் என்றார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தது அதற்கு அப்புறம்தான்.

அந்தப் பெண்ணுக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். நிறுவியதும் உன் டெர்மினலில் வெர்ஷன் கேட்டுத் திருப்திப்படாதே, வேலை செய்யப்போகிற சேவையிடம் கேள். பழையதை எங்கேயும் விட்டுவைக்காதே. பிறகு கணினியை அணை, நிஜமாகவே அணை, எழுப்பி மறுபடி கேள். பச்சையாக முடிந்த பில்டையும் மேலே போய்ப் படி. ஓடுது என்று யாராவது சொன்னால், அவர் யாராக இருந்தாலும் சரி, எப்படி ஓடுது என்று கேள்.

சங்கவி இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அந்த ஊரில் கரண்ட் போனதாகச் செய்தி வந்தால்கூட நான் போன் செய்துவிடுவேன். இதற்கெல்லாமா என்று அலுத்துக்கொள்வாள். உறவுக்காரர்கள் கூடினால் அவள் சொல்லும் கதை ஒன்று உண்டு. "எனக்கு உசுரு போற மாதிரி இருந்துச்சு, எங்கம்மா என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல. மெஷினையேதான் பாத்துட்டு இருந்தாங்க. ஆயாம்மாகூடத் திட்டினாங்க." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது, அதை அங்கே அனுப்பியது யார் என்று அவளிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

இதை அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அவளுக்கு அனுப்பப் போகிறேன். கூட வேறெதுவும் எழுதப் போவதில்லை. முதல் வரியிலிருந்து படி என்று மட்டும் சொல்லப் போகிறேன்.